டக்கென்று மூடிய சோப்பு டப்பா

ஏழாம் வகுப்பில் எனக்கு இருந்த ஒரே லட்சியம், ஒரு சோப்பு டப்பாவை 'டக்'கென்று மூடுவது.

எங்கள் பள்ளியின் சாரணியர் கைடு பிள்ளைகளை இரண்டு நாள் காட்டு முகாமுக்கு அழைத்துப்போக ஏற்பாடாகியிருந்தது. கனகபுரா ரோடு வழியாகப் போனால் காவிரிக் கரையில் காடு. வழி தவறினால் உயிர் பிழைத்திருக்கத் தேவையான சாமான்கள் அத்தனையும் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடங்க வேண்டும், ரப்பர் பேண்டு போட்டு மூடினால் செல்லாது என்று மிஸ் சொல்லிவிட்டார். யாருடைய டப்பா சிறந்ததோ அவள்தான் அணித்தலைவி. போன முகாமில் தலைவியாக இருந்தவள் என்னைத் தண்ணீர் தூக்க வைத்தே கொன்றிருந்தாள். ஆகவே இந்த முறை விடுவதாக இல்லை.

ஈஜிபுராவில் எங்கள் ஒற்றை அறை வீட்டின் நடுவில் உட்கார்ந்து ஒரு வாரம் அடுக்கினேன். தீக்குச்சிகளைப் பாதியாக ஒடித்து, நனையாமலிருக்க உருக்கிய மெழுகில் தலையை முக்கினேன். ஊசி நூல், பாதி பிளேடு, இரண்டு ஊக்கு, நைலான் கயிறு, விசில், உப்புப் பொட்டலம். வெல்லக் கட்டியைத்தான் மூன்று முறை செதுக்க வேண்டியிருந்தது. செதுக்கிய தூள் வீணாகவில்லை.

அம்மா இதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. "எந்த ரோடுல போறீங்க?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டாள். கிளம்புவதற்கு முந்தின நாள் பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தவள், பிளாஸ்டிக் உறையில் மடித்து ஓரங்களை மெழுகால் ஒட்டிய ஒரு காகிதத்தை டப்பாவுக்குள் வைத்தாள். என் மெழுகுதான். டப்பா மூடவில்லை.

"என்னம்மா இது?"

"அட்ரஸு. இருக்கட்டும்."

"காட்டுல யாரும்மா அட்ரஸ் படிப்பாங்க? யானையா?"

"யானைக்கு இல்லடி. சொன்னா கேளு, வெல்லத்த எடுத்துட்டு இத வை."

வெல்லத்தை எடுப்பதாவது! தலையாட்டிவிட்டு, அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் காகிதத்தைத் தலையணை உறைக்குள் திணித்தேன். டப்பா 'டக்'கென்று மூடியது.

பக்கத்து வீட்டு அத்தை கன்னடக்காரர். அதற்கு முந்தைய வருடம் காவிரிக் கலாட்டா நடந்தபோது நாங்கள் மூன்று நாள் அவர் வீட்டில்தான் இருந்தோம். எனக்கு அது திருவிழா. பள்ளிக்கூடம் லீவு, சாப்பிட ராகி முத்தே என்ற களி உருண்டை, விளையாட அத்தையின் பிள்ளைகள். அத்தை ஓர் ஆட்டமும் வைத்தார். "தமிளு மாத்தாடிதோரு அவுட்!" தமிழ் பேசினால் அவுட். நான் நாலு முறை அவுட் ஆனேன். கன்னடமே வராத அம்மா, மூன்று நாளும் வாயைத் திறக்காமலே ஜெயித்துவிட்டாள். வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்ட அப்பா வீடு வந்து சேர்ந்ததும் ஆட்டம் முடிந்தது. அம்மா அழுதாள். ஜெயித்துவிட்டு யாராவது அழுவார்களா என்று அவளைக் கேலி செய்தேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முகாமில் என் டப்பாதான் ஜெயித்தது. மிஸ் அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, எல்லோருக்கும் காட்டினார். பழைய தலைவியை நான் இரண்டு நாளும் தண்ணீர் தூக்க வைத்தேன். யாரும் வழி தவறவில்லை. வெல்லம் திரும்பி வரும் பஸ்ஸில் தீர்ந்தது.

பஸ் பஞ்சராகி இரண்டு மணி நேரம் தாமதம். பள்ளிக்கூட வாசலில் அம்மாவும் அத்தையும் நின்றிருந்தார்கள். அம்மா முதலில் டப்பாவைத்தான் வாங்கித் திறந்தாள்.

"பேப்பர் எங்கடி?"

"வீட்டுல இருக்கு."

அவள் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நேரம் நின்றதால் கால் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், அப்படி என்னதான் இருக்கிறது என்று தலையணைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்துப் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தேன். பள்ளிக்கூடத்தில் கற்ற கன்னடம் கைகொடுத்தது. அத்தையின் உருண்டைக் கையெழுத்து. 'இவள் என் மகள். வழியில் ஏதாவது ஆனால் இந்த விலாசத்தில் கொண்டுவந்து சேர்க்கவும்.' கீழே அத்தையின் பெயர், அவர் வீட்டுக் கதவு எண். அம்மா பெயரும் இல்லை, அப்பா பெயரும் இல்லை.

"அம்மா, உனக்குப் படிக்க வராதுன்னு அத்தை உன்ன நல்லா ஏமாத்திட்டாங்க. என்னை அவங்க பொண்ணுன்னு எழுதி வச்சிருக்காங்க!"

"தெரியும். நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்" என்றாள் அம்மா.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பெற்ற மகளை இன்னொரு வீட்டுக்கு எழுதிக் கொடுக்க எப்படி மனசு வந்தது என்று கத்தினேன், அழுதேன், காகிதத்தைக் கிழித்தும் போட்டேன். அம்மா கிழிசல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பேசினால் அவுட் என்பதுபோல் வாயை மட்டும் திறக்கவே இல்லை.