பிரேதம் எடுக்கும்வரை இருந்தவன்

ஜப்பானில் ஆறு வருடம் ஊழியம் செய்ததில் எனக்குக் கிடைத்த பெயர், இளகிய மனசுக்காரன் என்பது. அந்த மனசு ஒரு பெண்ணுக்கு என்ன செய்தது என்று இந்த வருடம்தான் எனக்கு விளங்கியது.

அந்தப் பெண்ணும் கணவரும் எங்கள் சின்னச் சபைக்கு ஞாயிறு தவறாமல் வருவார்கள். கணவர் இறந்தபோது அவர், குடும்பத்தோடு மட்டும் தகனம், வர வேண்டாம், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பினார். அங்கே அது இப்போது சாதாரணம். சபையார் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்கள். நான் பருத்தித்துறைக்காரன் அல்லவா? சாவீட்டுக்கு அழைப்பு எதற்கு என்று காலையிலேயே போய் நின்றேன்.

வாசலில் இரண்டு சோடிச் சப்பாத்துகள், அவருடையதும் மகனுடையதும். ஊரில் என்றால் செருப்புக் குவியலுக்குள் நம்முடையதைத் தேட வேண்டும். பாவம், ஒருவருமில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அவர் குனிந்து வணங்கி உள்ளே அழைத்தார். தேநீர் தந்தார். குடித்து முடிய மறுபடி ஊற்றினார். கணவர் அடுத்த அறையில் மெத்தையில் கிடந்தார். பிரேதம் எடுக்குமுன் எழும்பிப் போனால் மரியாதை இல்லை என்று, வண்டி வரும்வரை நான் அசையவேயில்லை. ஆறுதலுக்கு ஒரு பாட்டும் பாடினேன்.

பிறகு ஒரு பழக்கூடையும் நன்றிக் கடிதமும் வந்தன. அவர் சபைக்கு வரவேயில்லை. துக்கம் தாங்காமல் விசுவாசத்தை விட்டுவிட்டார் என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன்.

இந்த வருடம் அம்மா போய்விட்டார். அடித்துப்பிடித்து ஊருக்கு வந்தேன். பந்தல் நிறையச் சனம். கனடாவில் இருக்கும் அக்காவுக்குக் காட்டவென்று ஒருவர் கைபேசியோடு பெட்டியின் தலைமாட்டில் நின்றார். எனக்கு அம்மாவிடம் சொல்ல ஒன்று இருந்தது. கடைசியாகக் கதைத்தபோது, ஜெபக்கூட்டம் என்று பாதியிலேயே தொலைபேசியை வைத்துவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். எல்லோருக்கும் முன்னால் வாய் வரவில்லை.

"அண்ணை, பத்து நிமிஷம் என்னை அம்மாவோடை தனிய விடுங்கோ" என்று என் அண்ணனிடம் கேட்டேன்.

"உனக்கென்ன விசரே? ஊர்ச்சனம் வந்து நிக்குது. போய் வாசலிலை நில்லு."

நின்றேன். வந்தவர்கள் எல்லோரும் அன்பாகத்தான் கையைப் பிடித்தார்கள். ஒவ்வொரு கையும் என்னை அம்மாவிடமிருந்து இழுத்தது. எப்போது போவார்கள் என்று இருந்தது. கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்தில்தான் எனக்குத் தேநீர் ஊற்றிய அந்தப் பெண்ணின் முகம் எனக்கு முதல்முறையாகத் தெரிந்தது. அதற்குள் அம்மாவின் பெட்டியை மூடிவிட்டார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவருக்குக் கடிதம் எழுதினேன். உங்கள் கணவரோடு உங்களுக்கு இருந்த கடைசி மணித்தியாலத்தில் உங்களை எனக்குத் தேநீர் ஊற்ற வைத்தேன், மன்னியுங்கள் என்று. பழக்கதோஷத்தில் கீழே, மறுபடி சபைக்கு வாருங்கள் என்றும் எழுதியிருந்தேன். ஆறு வருடமும் நான் செய்த வேலையே அந்த ஒரு வரிதான். அதை வெட்டிவிட்டுக் கடிதத்தைப் புதிதாக எழுதினேன்.