பத்தாவது விண்ணப்பம்

கெட்டுப்போன சர்க்யூட் போர்டு ஒன்றை மூக்கருகே கொண்டுபோனாலே போதும், எந்தப் பாகம் கருகியிருக்கிறது என்று சிவராமலிங்கம் சார் சொல்லிவிடுவார். சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் இருந்த அந்தத் தனியார் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் துறை தொடங்கிய வருஷமே வேலைக்குச் சேர்ந்தவர். இருபத்து நான்கு வருஷம் ஓடி, துறைத்தலைவராகவும் ஆகிவிட்டார். பாடத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர் இருந்தது. பையன்கள் வைத்த இன்னொரு பேர், ஷாக்கு.

அவர் மேசையில் எப்போதும் ஒரு ஃபேன் கெப்பாசிட்டர் கிடக்கும். கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னவனை முன்னால் கூப்பிட்டு, "கையை நீட்டுலே" என்பார். சார்ஜ் ஏற்றிய கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளையும் உள்ளங்கையில் வைப்பார். பையன் துள்ளி விழுவான். வகுப்பே சிரிக்கும். "இனிமே மறக்காதுல்லா?" என்பார். தான் பிரம்பால் அடிவாங்கிப் படித்தவர். தன் அடியில் தழும்பு விழுவதில்லை என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மாரிச்செல்வம் என்று ஒரு பையன் வந்து சேர்ந்தான். நெட்டையாக இருப்பான், பேச்சு நிதானம். ஒருநாள் ரெசிஸ்டரின் அளவைக் குறிக்கும் நிறங்களைத் தலைகீழாகச் சொல்லிவிட்டான். உள்ளங்கையில் கெப்பாசிட்டர் பட்டதும் அவனுக்குக் கால்சட்டை நனைந்துவிட்டது. முன் பெஞ்சில் நான்கு பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சார் கீழே பார்த்துவிட்டு, "பரவால்லையே, எர்த்திங் சரியாத்தான் இருக்கு" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மறுநாளிலிருந்து அவன் பேர் எர்த்து. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வராமல் நின்றுவிட்டான். வருகைப் பதிவேட்டில் அவன் பேர்மேல் சார் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். வீட்டுக்குப் போன் போட்டு என்னவென்று கேட்கவில்லை.

பிறகு காலம் மாறியது. எலெக்ட்ரானிக்ஸ் படிக்க ஆள் வருவது குறைந்துகொண்டே போய், போன வருஷம் அறுபது இடத்துக்குப் பதினான்கு பேர்தான் சேர்ந்தார்கள். ஏப்ரல் மாதம் கல்லூரியை நடத்துகிற கரஸ்பாண்டென்ட் எல்லா ஆசிரியர்களையும் உட்காரவைத்துப் பேசினார். "ஆளுக்குப் பத்து அட்மிஷன் கொண்டு வரணும். மே முப்பத்தொண்ணு கடைசி. கொண்டு வராதவங்க ஜூன்ல கேட்டுக்குள்ள வரவேண்டாம்." துறைத்தலைவர் என்று அவர் யாருக்கும் விலக்குக் கொடுக்கவில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் சிவராமலிங்கம் நோட்டீஸ் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினார். திருவேங்கடம் பக்கம் கரிசல் காட்டு ஊர்களில் வெயிலில் அலைந்தார். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் வீட்டு வாசலில் நின்று, "ஹாஸ்டல் உண்டு, காலேஜ் பஸ் உண்டு, வேலைக்கு நாங்க பொறுப்பு" என்று சொல்லிச் சொல்லி வாய் வறண்டது. சில வீடுகளில் தண்ணீர் கொடுத்தார்கள். சில வீடுகளில் நாயை அதட்டாமல் வேடிக்கை பார்த்தார்கள்.

அவருக்குக் கீழே வேலை பார்த்த கனகலட்சுமியும் அதே வெயிலில் அலைந்தாள். அவரிடமே படித்து, அங்கேயே லேப் இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ராயகிரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவள் கையில் சால்டரிங் ராடைப் பிடிக்கிற அழகைப் பார்த்து, "நான் சொல்லிக் குடுத்ததுல உருப்படியா ஒண்ணு" என்று சார் ஒருமுறை சொன்னதுண்டு.

மே இருபத்தெட்டாம் தேதி சாரிடம் ஒன்பது விண்ணப்பங்கள் இருந்தன. கரிவலம்வந்தநல்லூரில் முத்துமாரி என்று ஒரு பெண் கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, விசாரித்துக்கொண்டு போனார். அவளுடைய அண்ணன் கடையில் கேளுங்கள் என்றார்கள். பஸ் நிறுத்தத்தை ஒட்டி இன்வெர்ட்டரும் சோலார் பம்பும் மாட்டிக் கொடுக்கிற கடை. உள்ளே இருந்து மாரிச்செல்வம் எழுந்து வந்தான்.

"வாங்க சார். உக்காருங்க" என்றான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். டீ வரவழைத்தான். சாருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பையன் மறந்திருப்பான் என்று நினைத்தார்.

கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள், எல்லாரும் விவசாயிகள். டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மாரிச்செல்வம் சொன்னான்: "அண்ணாச்சிமாரே, இவுகதான் எனக்குப் பாடம் நடத்துன சார். சார், நான் ஏன் காலேஜை விட்டு நின்னேன்னு இவுகளுக்குச் சொல்லுங்களேன்."

"அது... பழைய கதைலாம் எதுக்குப்பா?"

"சொல்லுங்க சார். தங்கச்சியைச் சேக்கணும்னா, வாத்தியார் எப்படின்னு தெரியணும்லா?"

சிவராமலிங்கம் சுற்றிலும் பார்த்தார். பையில் ஒன்பது விண்ணப்பம். இன்னும் மூன்றே நாள். ஐம்பத்திரண்டு வயதில் வேறு யாரும் வேலை தரப்போவதில்லை. அவர் சொன்னார். கெப்பாசிட்டரைச் சொன்னார். கையில் வைத்ததைச் சொன்னார்.

"பொறவு?"

"கால்சட்டை நனைஞ்சிருச்சு."

"நீங்க என்ன சொன்னிய?"

சாரின் குரல் உள்ளே போய்விட்டது. "எர்த்திங் சரியாத்தான் இருக்குன்னு."

"சத்தமாச் சொல்லுங்க. பின்னால நிக்கிற அண்ணாச்சிக்குக் கேக்கல."

சத்தமாகச் சொன்னார். யாரோ ஒருவர் மட்டும் சிரித்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மாரிச்செல்வம் சிரிக்கவில்லை. டீ கிளாஸை வாங்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்: "தங்கச்சியை உங்க காலேஜ்லதான் சேக்கேன் சார். ஆனா உங்களுக்காக இல்ல. கனகலட்சுமி மேடம் போன வாரமே வந்துட்டுப் போயிட்டாவ. அவுகளுக்கு வாக்குக் குடுத்தாச்சு. நீங்க பஸ்ஸுக்குக் கெளம்புங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது சாருக்குக் காது இரண்டும் எரிந்தன. அவனை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கனகலட்சுமியின் மேல்தான் ஆத்திரம் திரும்பியது. போன வாரமே அவள் போய்விட்டு வந்ததை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இந்த வெயிலில் வந்து நாலு பேர் முன்னால் இப்படி நின்றிருக்க வேண்டாமே என்று நினைத்தார். அப்படி நினைக்க நினைக்க, குற்றம் அவளுடையதுதான் என்று அவருக்கு நன்றாகவே தோன்ற ஆரம்பித்தது.

முப்பத்தொன்றாம் தேதி காலை கனகலட்சுமி போன் பண்ணினாள். "சார், பாப்பாவுக்குக் காய்ச்சல் நெருப்பாக் கொதிக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போறேன். கரிவலம்வந்தநல்லூர் பிள்ளை இன்னைக்கு வருவா. நீங்கதானே அட்மிஷன் டேபிள்ல இருக்கீங்க, அவ பாரத்தை வாங்கி என் பேரைப் போட்டுருங்க சார். எனக்கு ஒம்பது இருக்கு. இதோட பத்து."

"சரி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

முத்துமாரி அம்மாவோடு வந்தாள். அண்ணன் மோட்டார் வேலையாகத் திருவேங்கடம் போயிருந்தான். சார் சான்றிதழ்களைச் சரிபார்த்தார், கையெழுத்து வாங்கினார், தாய்க்கு நாற்காலி போடச் சொன்னார். அவர்கள் போனபிறகு, 'அறிமுகப்படுத்திய ஆசிரியர்' என்ற கட்டத்தில் தன் பேரை எழுதினார். எழுத்து கோணவில்லை. கட்டத்துக்குள் அடங்கி நின்றது.

ஜூன் ஒன்றாம் தேதி கரஸ்பாண்டென்ட் பட்டியலை வாசித்தார். "சிவராமலிங்கம் பத்து. கனகலட்சுமி ஒன்பது."

அவள் எழுந்தாள். "இல்ல சார், எனக்குப் பத்து. முத்துமாரிங்கற பிள்ளை நான் பேசிச் சேர்த்தது. சாருக்குத் தெரியும். சொல்லுங்க சார்."

கரஸ்பாண்டென்ட் பாரத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு சிவராமலிங்கத்தைப் பார்த்தார். மொத்த அறையும் பார்த்தது.

"பாரத்துல என்ன எழுதியிருக்கோ அதான் சார்" என்றார் சிவராமலிங்கம்.

கனகலட்சுமி நின்றுகொண்டிருக்கும்போதே அடுத்த பேரை வாசித்துவிட்டார்கள். அவள் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் கதவுப் பக்கம் நடந்தாள்.

மத்தியானம் லேப் சாவியை ஒப்படைக்க வந்தாள். மல்டிமீட்டர்கள், சால்டரிங் ராடுகள், ஓசிலாஸ்கோப்புகள் எல்லாவற்றையும் ஸ்டாக் நோட்டோடு ஒத்துப் பார்த்தார்கள். ஒரு குறைச்சலும் இல்லை. ஒன்றாவது குறைந்திருந்தால் சாருக்குப் பேச ஏதாவது கிடைத்திருக்கும்.

"ஏன் சார்?" என்றாள்.

"அந்த ஓசிலாஸ்கோப்புக்குக் கவரைப் போட்டுட்டுப் போ. தூசி படுது" என்றார்.

அவள் கவரைப் போட்டாள். நான்கு மூலையையும் இழுத்துவிட்டுச் சரிசெய்தாள். பிறகு போனாள்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே நெரிந்துகொண்டிருந்த வாரத்தில் அவள் மறுபடி வந்தாள். தென்காசியில் ஒரு சர்வீஸ் சென்டரில் போர்டு சரிபார்க்கும் வேலை இருக்கிறதாம், அனுபவச் சான்றிதழ் கேட்கிறார்களாம். துறைத்தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "கரஸ்பாண்டென்ட்கிட்ட கேக்கணும், நாளைக்கு வா" என்றார். மறுநாள் வந்தபோது லெட்டர்பேடு தீர்ந்துவிட்டது என்றார். மூன்றாம் நாள், ராயகிரி பஸ் கூட்டத்தில் நசுங்கிய சேலையோடு அவள் வந்து நின்றபோதுதான் பேனாவை எடுத்தார்.

ஐந்து வருஷம் என்று எழுதினார். பணி எப்படி என்ற இடத்தில் அவர் கை நின்றது. 'மிகச் சிறப்பு' என்று எழுதினால், பிறகு ஏன் அனுப்பினீர்கள் என்று யாராவது கேட்பார்கள். 'திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் அதை அங்கேயே நின்று வாசித்தாள். மடித்துப் பையில் வைத்தாள்.

"முத்துமாரி நல்லாப் படிக்காளா சார்?"

"ம்."

"அவ அண்ணன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா பிள்ளையை நிறுத்திப்புடுவாவ. படிக்கட்டும்."

சிவராமலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். மணி அடித்துவிட்டது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டி நடந்து வகுப்புக்குள் போனார். முதலாம் ஆண்டில் பத்தொன்பது பேர். டயோடு பாடம் ஆரம்பித்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, முன் பெஞ்சிலிருந்து முத்துமாரி எழுந்தாள். ஜன்னல் வழியே கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், கனகலட்சுமி மேடம் போறாவ சார். நான் சேந்ததுலேருந்து அவுகளப் பாக்கவேயில்ல. ஒரு வார்த்தை பேசிட்டு ஓடியாந்துருதேன் சார்."

"உக்காரு. கிளாஸ் நடக்குதுல்லா?"

அவள் உட்கார்ந்தாள். சார் ஜன்னல் பக்கம் திரும்பாமல் போர்டில் சர்க்யூட்டை வரைந்து முடித்தார்.