சமையலறையில் மட்டும் தெரிந்த எழுத்து

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நான் என் சமையலறைக்குள் போவதில்லை. காபி வேண்டுமென்றால் இரண்டரைக்கே போட்டு பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிடுவேன். யாராவது கேட்டால், அந்த நேரத்து வெயில் ஜன்னல் வழியாக நேரே முகத்தில் அடிக்கிறது என்பேன். டெல்லி வெயிலைக் குறை சொன்னால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். உண்மையில் எனக்குப் பயம். ஐம்பது வயதில், சொந்த வீட்டில், பட்டப்பகலில், காலியாகக் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் பார்த்துப் பயம்.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்து படித்தவர் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்துக் கொடுத்த அக்கா. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். கல்யாணமான கையோடு டெல்லிக்கு வந்து, மயூர் விஹாரில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் இருக்கும் குடிசைப் பகுதியிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். அவருடைய கணவருக்குக் கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கும் வேலை. பிள்ளைகள் இல்லை. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். "அக்கான்னு கூப்பிட்டு வேல வாங்குற மேடம் இந்த பில்டிங்லயே நீங்க ஒருத்தருதான்" என்று சிரிப்பார். அதில் குத்தல் இருக்கிறதா என்று எனக்குக் கடைசிவரை தெரிந்ததில்லை.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வயதில் மத்திய அரசு வேலை கிடைத்து நான் மதுரையிலிருந்து இங்கே வந்தபோது எனக்கு ஹிந்தியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அலுவலகத்திலேயே வகுப்பு வைத்தார்கள். விழுந்து விழுந்து படித்தேன், தேறினேன், பரிசுகூட வாங்கினேன். பரிசு வாங்கிய வாரம் ஓர் ஆட்டோக்காரரிடம் இடது பக்கம் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. வாயில் வந்ததெல்லாம் 'உரிய நடவடிக்கைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்ற கோப்பு வாசகம்தான். சொல்லியும்விட்டேன். அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேஜையும் நாற்காலியும் கோப்பும் எதிரே இருந்தால்தான் என் ஹிந்திக்கு வாய் திறக்கும். தெருவில் திறக்க இன்னும் நான்கு வருஷம் ஆனது. இவ்வளவும் பட்டுத் தெரிந்துகொண்டவள் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

ஒருநாள் அக்கா தப்பான பஸ் ஏறி, எங்கோ போய் இறங்கி, நடந்தே வந்து சேர்ந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி, "எனக்கு எழுத்து கத்துக் குடுங்க மேடம்" என்றார்.

"தமிழா, ஹிந்தியா?"

"தமிழு படிச்சு இங்க யாருக்குக் காட்டப் போறேன்? பஸ்ஸுல ஹிந்திதான எழுதி வச்சிருக்கான்."

ஞாயிறு மூன்று மணி என்று முடிவானது. அவருக்கு மற்ற வீட்டு வேலைகள் முடிந்திருக்கும், எனக்குத் தூக்கம் கலைந்திருக்கும். சமையலறை டப்பாக்களில் ஹிந்தியில் சீட்டு எழுதி ஒட்டினேன். உப்புக்கு நமக், சர்க்கரைக்குச் சீனி, மஞ்சளுக்கு ஹல்தி. மூன்றாவது மாதம் எல்லா டப்பாவையும் படித்தார். இடத்தை வைத்துச் சொல்கிறாரோ என்று சந்தேகப்பட்டு, டப்பாக்களை இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் சரியாகப் படித்தார். சீட்டுகளைக் கிழித்துவிட்டுப் பழைய செய்தித்தாளைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி அதையும் படித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்தில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்தப் பெருமையோடுதான் அவரை மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். தலைக்கு மேலே பலகை. அத்தனையும் அவர் படித்த எழுத்துகள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். வாய் திறக்கவில்லை.

"என்னக்கா, தெரிஞ்ச எழுத்துதானே?"

"தெரியுது மேடம். ஆனா நிக்க மாட்டேங்குது. பின்னால ஆளு தள்றான், மேல மைக்குல கத்துறான். எல்லாம் ஓடுது."

எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் படித்தது வாசலைத் தாண்டினால் மறந்துபோகுமா என்று அத்தனை பேர் நடுவில் கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கே பாடத்தை வெளியே கொண்டுபோயிருக்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில், ரேஷன் கடை வரிசையில், தள்ளுமுள்ளுக்கு நடுவில் நின்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் வெளியே வெயில், எனக்கு முட்டிவலி, சமையலறையில் மின்விசிறி. எனக்குத் தோதான இடத்தில், தோதான நேரத்தில், என் குரலில்தான் அவருக்கு எழுத்து கிடைத்தது. அந்தக் குரல் இல்லாத இடத்தில் எழுத்தும் இல்லை.

பதிலாக, சுலபமாக ஜெயிக்கக்கூடிய ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். கையெழுத்து. "இனிமே எங்கயும் கட்டைவிரலை நீட்டக் கூடாது. சைன் பண்ணுவேன்னு சொல்லுங்க" என்றேன். பெயரை ஹிந்தியில் எழுதிவிட்டு, எழுத்துகளின் தலைக்கு மேலே ஒரே இழுப்பில் கோடு போடச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு நோட்டு நிரம்பியது. கை மட்டும் எந்தக் கூட்டத்திலும் மறக்கவில்லை. வங்கியில் முதல்முறை கையெழுத்துப் போட்ட அன்று அரைக் கிலோ ஜிலேபி வாங்கி வந்தார். "மை பெட்டியை அந்தாண்ட தள்ளிட்டேன் மேடம்! அந்த கிளார்க் பையா என்னையே பாத்தான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் கணவருக்கு மூச்சுத் திணறல் வந்தது. ஓர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் காலை அக்கா போன் செய்தார். "வார்டுல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னுட்டாங்க மேடம். அவங்க காட்டுன எடத்துல சைன் போட்டுட்டேன்" என்றார். நல்லது அக்கா என்றேன். அலுவலகத்தில் ஏதோ கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் அவர் கணவர் அங்கேயே இறந்துபோனார்.

காரியமெல்லாம் முடிந்து, இறப்புச் சான்றிதழுக்காக அக்கா ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாக் காகிதங்களையும் கொண்டுவந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஹிந்தியில் அச்சடித்த ஒரு படிவம் வந்தது. 'சிகிச்சை தொடர வேண்டும் என்று மருத்துவர் எடுத்துச் சொல்லியும், நோயாளியை என் சொந்த விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறேன். பின்விளைவுகளுக்கு நானே பொறுப்பு.' கீழே இரண்டு கட்டங்கள். ஒன்று கையெழுத்துப் போடுபவர்களுக்கு. மற்றொன்று கைநாட்டு வைப்பவர்களுக்கு. அதில், 'மேற்கண்டவை முழுவதும் இவருக்குப் படித்துக் காட்டப்பட்டன; இவர் புரிந்துகொண்டார்' என்று அச்சடித்து, படித்துக் காட்டியவர் பெயருக்கும் சாட்சிக்கும் இடம் விட்டிருந்தது. இரண்டாவது கட்டத்தின் மேல் யாரோ பேனாவால் குறுக்கே கோடு போட்டிருந்தார்கள். முதல் கட்டத்தில் அக்காவின் பெயர், ஒரே இழுப்பில் போட்ட மேல்கோட்டோடு.

கைநாட்டு வைப்பவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? அப்படிப்பட்ட காகிதங்களை இத்தனை வருஷமாகச் சரிபார்த்து அனுப்பும் கை இது. கையெழுத்துப் போடுகிறவர் படித்துவிட்டுத்தான் போடுகிறார் என்று எல்லோரும் நினைப்பார்கள். விரலை நீட்டியிருந்தால் அந்த வார்டில் யாராவது ஒருத்தர் நின்று, அவர் காதில் விழும்படி அதை வாசித்திருப்பார். விரலை நீட்டாதே என்று சொன்னவள் நான்.

"அதுல என்னா எழுதியிருக்கு மேடம்?" என்று அக்கா கேட்டார்.

"டிஸ்சார்ஜ் பேப்பர்க்கா. உடம்பு பரவாயில்ல, வீட்டுக்குப் போகலாம்னு டாக்டர் எழுதியிருக்கார்."

அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் சொன்னேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி என் பயம். அக்கா படிவத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. அலுவலகத்தில் எந்தக் கையெழுத்தைப் பார்த்தாலும் அந்த மேல்கோடு தெரிந்தது. என் கையெழுத்தைப் போடும்போதுகூடப் பேனா ஒரு நிமிஷம் நின்றது.

ஒரு மாதம் கழித்து, பழையபடி ஞாயிறு மூன்று மணிக்கு, அவராகவே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இனிமே எனக்குத் தொணைக்கு ஆளில்ல. நானேதான எல்லாம் பாக்கணும். நல்லா கத்துக் குடுங்க, ஜல்தி கத்துக்கறேன்" என்றார்.

முன்பு ஒவ்வோர் எழுத்துக்கும் நான் சந்தோஷப்பட்டேன். இப்போது ஒவ்வோர் எழுத்தும் அவரை அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. காய்கறிப் பெயர், கிழமைப் பெயர், பழகினதையே திரும்பத் திரும்ப என்று இழுத்தடித்தேன். இரண்டு எழுத்து ஒட்டிவரும் கூட்டெழுத்துகளை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். தலைவலி என்று இரண்டு ஞாயிறு படுத்துக்கொண்டேன். பாடம் எடுக்கிற ஆளே பாடம் மண்டையில் ஏறக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற கேவலத்தை நான் செய்தேன். அவரோ விடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும் சோப்பு உறையைப் படித்தார்.

ஹோலி முடிந்த அடுத்த ஞாயிறு, நோட்டோடு பிளாஸ்டிக் பையையும் எடுத்து வந்தார். அந்தப் படிவத்தை வெளியே எடுத்து, சமையல் மேடையில் வைத்து நீவிவிட்டார்.

"இத எதுக்குக்கா கொண்டாந்தீங்க?"

"வீட்ல வச்சுப் பாத்தேன், வர்ல. பஸ்ஸுல பாத்தேன், வர்ல. ஒரு நாளு அந்த ஆஸ்பத்திரி வாசல்லயே போயி உக்காந்து பாத்தேன் மேடம், நடுக்கம்தான் வந்துச்சு. எழுத்து எனக்கு இங்கதான் நிக்குது. அவரு நல்லாயிட்டாருன்னு டாக்டரு எழுதுனத என் வாயால ஒரு தடவ படிக்கணும்."

பிடுங்கிக்கொள்ளலாமா என்று தோன்றியது. வேலை இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லலாமா என்று தோன்றியது. அதற்குள் அவர் விரலை வைத்து ஆரம்பித்துவிட்டார். கூட்டெழுத்து வந்த இடங்களைத் தாண்டித் தாண்டிப் போனார். 'அப்னீ' என்றார். 'மர்ஸீ' என்றார். அந்தச் சொல் அவருக்குத் தெரியும். டெல்லித் தெருவில் நாளெல்லாம் காதில் விழும் சொல். திரும்பவும் முதலிலிருந்து வந்தார். மூன்றாவது தடவை விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"என் இஷ்டத்துலயா?" என்றார்.

விரல் முந்தின வரிக்குப் போனது.

"டாக்டரு வேணாம்னு சொல்லியும்னு போட்டிருக்கா?"

"ஆமாக்கா."

"அன்னிக்கு நீங்க இதத்தான் படிச்சீங்களா?"

"ஆமாக்கா. பொய் சொல்லிட்டேன்."

அவர் அழுவார், திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. காகிதத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"வீட்டுக்கு வந்த நாலாம் நாளே அவருக்கு மூச்சு வாங்குச்சு. திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கூப்பிட்டேன். 'டாக்டரே விட்டுட்டாரு, நீயே சைன் போட்டு வாங்கியாந்த, அப்புறம் என்னா'ன்னாரு. நானும் அச்சான்னுட்டேன். சைன் போட்டதால இனிமே சேத்துக்க மாட்டாங்கன்னு வேற ஒரு நெனப்பு." படிவத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை விரலால் தடவினார். பிறகு, "திரும்பக் கூட்டிட்டுப் போயிருந்தா சேத்திருப்பாங்களா மேடம்? அது இதுல இருக்கா?" என்றார்.

இருந்தது. படிவத்தின் அடியில், கட்டங்களுக்கும் கீழே, பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி. நோயாளியின் நிலை மோசமானால் எந்த நேரமும் அவசரப் பிரிவுக்கு அழைத்து வரலாம் என்று. முதல் நாளே நான் அதையும் படித்திருந்தேன். இப்போதும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்கு இன்னும் வராத கூட்டெழுத்துகள் நிறைந்த வரி.

"இருக்குக்கா" என்றேன்.

"எங்க?"

நான் காட்டினேன். அவர் ஸ்டூலை மேடைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் எழுத்தில் விரலை வைத்தார்.

"இது என்னா எழுத்து மேடம்? சொல்லிக் குடுங்க."