கதவைச் சாத்திக்கொண்டு உதறிய துணிகள்

மாடி அறையில் குடியிருந்ததால் தெருவில் அவளுக்கு மாடியக்கா என்று பெயர். படியேறும்போது பாதியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொள்வாள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அதை அவள் பெரிதுபடுத்தியதில்லை. "நெஞ்சுக்குள்ள ஒரு கதவு சரியா சாத்தாது, அவ்வளவுதான். இந்த வீட்டுல மட்டும் எந்தக் கதவு சரியா சாத்துது?" என்பாள்.

கணவனும் கொழுந்தனும் ஆடு அறுக்கும் கூடத்தில் வேலை செய்தார்கள். கணவன் தோல் உரிப்பான், கொழுந்தன் குடல் எடுப்பான். சினை ஆடுகளை அறுக்கக் கூடாது என்று அங்கே சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆடுகளுக்குப் படிக்கத் தெரியாது. ஓட்டிவருகிற வியாபாரிக்குத் தெரிந்தும் பயனில்லை. வயிற்றைக் கீறினால் கருப்பை சரிந்து விழும். அதிலிருக்கும் நீர் மேலெல்லாம் தெறிக்கும். இறைச்சியைக் கழுவ அங்கே தண்ணீர் கொட்டும். அறுக்கிறவன் சட்டையைக் கழுவ ஒரு குழாய் கிடையாது. துணியைப் பையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் எல்லோருக்கும் வழக்கம்.

வீடு பிடிக்கும்போது அவர்கள் காய்கறி வைக்கிற கோல்டு ஸ்டோரேஜில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் உண்மையைச் சொல்லிப் பார்த்த இடங்களில் எல்லாம், காலியாக இருந்த வீடு அந்த நிமிடமே காலியில்லாமல் போயிற்று. கறி தின்ன நாக்கு கூசாதவர்களுக்குக் கறி வெட்டுகிறவனைக் கண்டால் மட்டும் மூக்கு கூசுகிறது. கீழே வீட்டுக்காரம்மா எலும்பு கடிக்கிற சத்தம் மாடிவரைக்கும் கேட்கும்.

ஆகவே அந்தத் துணிகளை வெளியே வைத்து உதற வழியில்லை. அப்படியே நனைத்தால் ஒட்டிக் காய்ந்திருக்கிற மயிரும் சவ்வும் சாக்கடைக் குழாயை அடைத்துக்கொள்ளும். ஒருமுறை அடைத்து, "என்னத்தடி கொட்டுறீங்க?" என்று வீட்டுக்காரம்மா கேட்டுவிட்டாள். அதிலிருந்து மாடியக்கா குளியலறைக் கதவைச் சாத்தி, சன்னலையும் அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு துணியாக உதறிச் சுரண்டுவாள். விழுந்ததைக் கூட்டிக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்ட பிறகுதான் ஊறவைப்பாள். தூசு தொண்டைவரை இறங்கும். இருமிக்கொண்டே வேலையை முடிப்பாள். நாற்றம் வெளியே போகவில்லை என்பதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு.

காய்ச்சல் ஒரு நண்பகலில் முன்னறிவிப்பில்லாமல் வந்தது. பல் கிட்டுகிற குளிர், பிறகு தலையணை நனையும் வியர்வை. கண்களுக்குப் பின்னால் ஆணி இறக்குவதுபோல் தலைவலி. நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "கண்ணு பட்டிருக்கும் அண்ணி" என்றாள். யார் கண் பட்டிருக்கும்? குளியலறையில் அவள் என்ன செய்கிறாள் என்று ஒரு கண்ணும் பார்த்ததில்லை. இரண்டாவது நாள் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

காய்ச்சல் வார்டில் கட்டில்களுக்கு நடுவே கால் வைக்க இடமில்லை. இளம் மருத்துவர் ஒருவர் கேள்விகள் கேட்டார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"வேலையெல்லாம் இல்லைங்க. வீட்டுலதான்."

"ஆடு, மாடு ஏதாவது வளர்க்கறீங்களா?"

"மாடி ரூம்ல எங்கங்க வளர்க்கிறது? எங்களுக்கே ஆளுக்கொரு மூலை பத்தலை."

பக்கத்துக் கட்டில் தையல்காரம்மா சிரித்தாள். மருத்துவரும் சிரித்துவிட்டுக் கணவனைப் பார்த்தார். "நீங்க என்ன பண்றீங்க?"

அவன் வாய் திறந்தான். கட்டிலின் மறுபக்கம், வெந்நீர் கொண்டுவந்திருந்த வீட்டுக்காரம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"கோல்டு ஸ்டோரேஜ்லங்க."

விடிந்ததிலிருந்து படுக்கும்வரை மூன்று பேர் வேலையைச் செய்கிறவளுக்கு வேலையில்லை என்று உலகம் முடிவுகட்டி எவ்வளவோ காலமாகிவிட்டது. அவளும் அதை நம்பிவிட்டாள். நோய்க்கிருமி மட்டும் நம்பவில்லை. யார் கையில் துணி இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

மலேரியா இல்லை என்றார்கள். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. வெள்ளணுக்கள் சரியாக இருந்தன. ரத்தத் தட்டுகள் கொஞ்சம் குறைந்திருந்தன. மஞ்சள் காமாலை கண்ணில் தெரியாமலே ஈரல் கெட்டிருப்பதாக ரத்தம் சொன்னது. நெஞ்சுப் படத்தில் ஒரு பக்கம் புகைபோல ஒரு திட்டு. வறட்டு இருமல் தொடங்கியது. ஊசிமருந்து போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை.

"எனக்குக்கூட ஒரு பேரு சொல்லிட்டாங்க. உனக்குத்தான் பேரே வைக்க மாட்டேங்கறாங்க" என்றாள் தையல்காரம்மா.

"பெத்தவங்களே ரொம்ப நாள் யோசிச்சுத்தான் எனக்குப் பேரு வச்சாங்களாம்" என்றாள் மாடியக்கா. அதன்பின் பேசத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூத்த மருத்துவர், ஒரு பெண்மணி, இதயத்தை வெகுநேரம் கேட்டார். கணவனைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். "மத்தவங்களுக்குன்னா இது தானா இறங்கும்னு கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். இவங்க வால்வு ஏற்கனவே பழுது. எதனால வந்ததுன்னு தெரிஞ்சா சரியான மருந்து குடுப்பேன். இப்ப இருட்டுல கல் எறியறோம்." அவன் தலையாட்டினான். தெரிந்திருந்தால் காலில் விழுந்தாவது சொல்லியிருப்பான். எதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. நாளெல்லாம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் மாலை கொழுந்தன் பெரிய பை ஒன்றோடு வந்து அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினான். செவிலி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்னப்பா அது? எலி செத்த வாடை வருது."

"துணிங்க சிஸ்டர்."

"ஆஸ்பத்திரியில வந்து எதுக்கு அழுக்குத்துணி?"

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தரையைப் பார்த்தான். வீட்டுக்காரம்மா அன்று வரவில்லை. "வீட்டுல வச்சா கீழ வரைக்கும் நாறும் சிஸ்டர். அண்ணி இருந்தா அன்னன்னைக்கே உதறி அலசிடும். இப்ப சேர்ந்துபோச்சு. எங்க கொண்டுபோய் வைக்கறது?"

அடுத்த கட்டிலருகே நின்ற மூத்த மருத்துவர் திரும்பினார். "என்ன துணி?"

"அறுப்புக்கூடத்துத் துணிங்க."

"உதறுவாங்கன்னா, எங்க உதறுவாங்க?"

மாடியக்காவே கண் திறந்து பதில் சொன்னாள். "பாத்ரூம்லங்க. கதவைச் சாத்திக்கிட்டு."

மருத்துவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். இது கியூ காய்ச்சலாக இருக்கலாம் என்றார். சினை ஆட்டின் கருப்பை நீரிலும் நஞ்சுக்கொடியிலும் இருக்கும் கிருமி. காய்ந்த பிறகும் சாகாமல் தூசோடு மூச்சில் ஏறும். இதை முதலில் கண்டுகொண்டதே இறைச்சிக்கூடத் தொழிலாளிகளிடம்தான். பரிசோதனைக்கு ரத்தம் வெளியூர் போக வேண்டும். முதல் தடவை பிடிபடாமலும் போகலாம். சில வாரம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாது என்று அன்றைக்கே மருந்தை மாற்றினார்.

"அள்ளி அள்ளிப் பூசிக்கிட்ட எங்களுக்கு ஏன் வரலை?" என்று கணவன் கேட்டான்.

"எப்பவோ வந்து போயிருக்கும். சாதாரணக் காய்ச்சல்னு படுத்து எழுந்திருப்பீங்க."

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆனால் பழுதான வால்வில் இந்தக் கிருமி குடியேறிவிடலாம் என்பதால் ஒரு வருடம் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்தத் தூசு இனி அவள் மேல் படவே கூடாது. மருத்துவர் இதை இரண்டு முறை சொன்னார்.

சொல்வது சுலபம். கணவன் அறுப்புக்கூடத்து மேஸ்திரியிடம் போய், துணி அலச ஒரு குழாய் கேட்டான். "இத்தனை வருஷமா யாருக்கும் வராத காய்ச்சல் உன் பொண்டாட்டிக்கு மட்டும் வந்துச்சா? ஆட்டுக்கு வந்தா சொல்லு, டாக்டரைக் கூப்பிடறேன்" என்றான் மேஸ்திரி. அவன் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஆட்டுக்கு விலை உண்டு.

ஆகவே அண்ணனும் தம்பியும் துணியை உதறாமல் நனைத்தே துவைத்தார்கள். குழாய் அடைத்தது. வீட்டுக்காரம்மா மாடியேறி வந்து, வாளியைப் பார்த்தாள், மூக்கை மூடினாள். "பையன் ஊர்லேர்ந்து வர்றான். மாடி வேணும்" என்றாள். அவளுக்குப் பையனே இல்லை என்பது தெருவுக்கே தெரியும்.

புது வீடு தேடி மூன்று பேரும் அலைந்தார்கள். முதல் இரண்டு இடங்களில் கணவன் உண்மையைச் சொன்னான். இரண்டு இடத்திலும் சற்று முன்புதான் யாரோ முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவது வீட்டிலும் ஒரு மாடிதான். படி செங்குத்தாக இருந்தது. வீட்டுக்காரர் சாவியைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஆம்பளைங்க என்ன வேலை?"

மாத்திரைச் சீட்டு சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருக்க, கணவன் அவளையே பார்த்தான்.

"கோல்டு ஸ்டோரேஜ்லங்க" என்றாள் மாடியக்கா. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். "பாத்ரூமுக்கு சன்னல் இருக்குங்களா?"

"இருக்கும்மா. ஆனா தெருப்பக்கம். திறக்கக் கூடாது, சாத்தியேதான் வைக்கணும்."