தொட்டுக் கொடுத்த கை

என் வலது கையைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் எப்போதும் இருந்ததில்லை. எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், தோசை வட்டமாக வராது. ஆனால் எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் ஈப்போவுக்குத் தெற்கே பீடோர் வரை சிதறிக் கிடந்த ரப்பர் தோட்டங்களில், இந்தக் கைக்கு இருந்த மரியாதை தோட்டத்து மானேஜருக்குக்கூட இருந்திருக்காது. ராசியான கை என்றார்கள். நான் ஒரு மாவட்ட சுகாதார அலுவலகத்தில் ஐந்து தாதிகளுக்குத் தலைவி. தாதி என்றால் தோட்டத்தில் மிஸி. ஆகவே நான் பெரிய மிஸி, மற்றவர்கள் சின்ன மிஸிகள்.

ராசி வந்த கதை சாதாரணமானது. ஒரு வருடம் ஒரு தோட்டத்தில் கக்குவான் இருமல் பரவியது. முந்தைய மாதங்களில் நான் முத்தடுப்பூசி போட்டிருந்த குழந்தைகளுக்கு அது வரவில்லை. தடுப்பூசி போடுவதே அதற்குத்தானே. "அது மருந்தோட வேலைம்மா, என் கையில ஒண்ணும் இல்ல" என்று சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லாமல் விட்டதற்குக் காரணம், அடுத்த மாதம் நான் பார்த்த வரிசை. வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகையில்தான் எங்கள் ஊசி முகாம் நடக்கும். அதுவரை எங்கள் லேண்ட்ரோவர் சத்தம் கேட்டாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்து வீடுகளின் பின்பக்கம் ஓடிய பெண்கள், அன்று ரப்பர்ப் பாலை நிறுத்துப் போட்ட கையோடு, அந்தக் கித்தா வாடை போகாத சட்டையோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்து நின்றார்கள். நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவச்சி. ராசி, சகுனம், நல்ல நேரம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அந்த வரிசையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். பிடித்திருந்தது, வேறென்ன.

வாயை மூடியதன் பலன், மற்ற தாதிகள் அந்தத் தோட்டங்களில் ஊசியை எடுக்கவே முடியாமல் போனது. "பெரிய மிஸி வரட்டும்லா, நாங்க இருக்கோம்" என்று பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். எனக்குக் காய்ச்சல் என்றால் அந்த மாதம் அந்தத் தோட்டத்தில் ஊசி கிடையாது.

இதில் பெரிதாகக் கெட்டுப்போனது என் குடும்பம்தான். பள்ளி ஆசிரியரான என் கணவருக்கு ஜொகூருக்கு மாற்றல் வந்தது. மகள் இடைநிலைப் பள்ளியில் சேர வேண்டிய வயது, அவளும் அப்பாவோடு போனாள். ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்று ஈப்போ ரயில் நிலையத்தில் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி அனுப்பினேன். மூன்று வருடம் ஆகியும் நான் அதே ஈப்போ வீட்டில் ஒரு ஆளுக்கு உலை வைத்துக்கொண்டிருந்தேன். வருடா வருடம் மாற்றல் விண்ணப்பம் எழுதுவேன். எங்கள் மருத்துவ அதிகாரி, நல்ல மனிதர், சீனர், அதை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். கண்ணாடி கழன்றால் பதில் இல்லை என்று அர்த்தம். "நீங்கள் போய்விட்டால் தோட்டங்களுக்கு யார்? அடுத்த வருடம் பார்க்கலாம், சிஸ்டர்." அவருக்கும் ராசியில் நம்பிக்கை கிடையாது. மாத அறிக்கையில் ஏறும் எண்ணிக்கையில்தான் இருந்தது.

எனக்கு மூச்சு முட்டியது. வேலையை விடலாம் என்றால், கணவரின் சம்பளம் மட்டும் போதாத வீடு எங்களுடையது. அத்தனை பேருக்கும் வேண்டியவளாக இருப்பதே ஒரு கூண்டு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கதவைப் பூட்டியவளும் நான்தான் என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் குழுவில் ஒரு தாதி இருந்தாள். முப்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள். ஊசி போடுவதில் என்னைவிடச் சுத்தமான கை. அவள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். கல்யாணத்தில் தாலிக்கயிற்றைப் பெரியவர்கள் எல்லாரும் தொட்டுக் கொடுக்க, கட்டுவது மாப்பிள்ளை ஒருவர்தானே. "நீங்க பிள்ளையத் தொட்டுக் குடுங்க சிஸ்டர், நான் ஊசியப் போடுறேன்" என்றாள். பெண்கள் யோசித்தார்கள், தங்களுக்குள் பேசினார்கள், மலாயில் போலே, ஆகட்டும், என்று ஒத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தையின் தொடையையும் விரல் நுனியால் தொட்டு அடுத்த நாற்காலிக்கு அனுப்பும் அதிகாரி ஆனேன். இத்தனை வருடப் படிப்பும் பயிற்சியும் ஒரு தொடலுக்கு வந்து நின்றது. ஆனால் அவர்கள் அவள் கைக்குப் பழகிவிட்டால் என் தொடலும் தேவைப்படாது என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டேன்.

கணக்கு சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜொகூரில் ஒரு சிஸ்டர் எங்கள் பேரா மாநிலத்துக்கு வர விரும்பினார். இருவரும் ஒப்புக்கொண்டு இடம் மாற்றிக்கொள்ளலாம். மலாயில் சுக்கா சாமா சுக்கா என்பார்கள், இஷ்டத்துக்கு இஷ்டம். டாக்டரும் ஒருவழியாக இறங்கி வந்தார். தோட்டங்களை அந்தத் தாதி பார்த்துக்கொள்வாள் என்றால் மாதக் கடைசியில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். ஜொகூர் சிஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்பதை ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்கு என் கணவர் பள்ளித் தொலைபேசியிலிருந்து என் அலுவலகத்துக்குக் கூப்பிட்டுச் சொல்வதாக ஏற்பாடு. மகளும் பேசுவாள்.

அந்த வியாழக்கிழமை பார்த்துத் தோட்டத்தில் கூட்டம். அலுவலகத்தில் அவித்துக் கொண்டுபோன ஊசிகள் தீர்ந்துவிட்டன. அப்போதெல்லாம் கண்ணாடிச் சிரிஞ்சும் ஊசியும் அவித்து அவித்துத்தான் பயன்படுத்துவோம். மண்ணெண்ணெய் அடுப்பில் இரண்டாவது தட்டை வைத்தேன். காற்றில் அடுப்பு ஒருமுறை அணைந்தது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபின் இருபது நிமிடம். அதை நானே என் தாதிகளுக்கு வாரா வாரம் சொல்லிக் காது புளிக்க வைத்திருக்கிறேன். சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தை அன்று நான் அடுப்புக்காகப் பார்க்கவில்லை, மூன்று மணிக்காகப் பார்த்தேன்.

தட்டை இறக்கினேன்.

"சிஸ்டர், இன்னும் கொதிக்கணும்" என்றாள் அவள்.

"போதும். நேரமாச்சு, போடு."

நான் தொட்டுக் கொடுத்தேன், அவள் போட்டாள். மூன்று மணிக்கு அலுவலகத்தில் இருந்தேன். ஜொகூர் சிஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மகள், "அம்மா, என் ரூம்லயே உங்க கட்டிலையும் போட்டாச்சு" என்றாள். மேசையில் தலை வைத்து அழுதேன், சந்தோஷத்தில்.

அடுத்த வாரம் தோட்டத்து மருந்தகத்தைப் பார்க்கும் டிரஸர் தகவல் அனுப்பினார். இரண்டாவது தட்டு ஊசி போட்ட பிள்ளைகளில் ஒன்றுக்கு, ஒன்பது மாதப் பெண் குழந்தைக்கு, தொடை வீங்கிச் சீழ் வைத்து, ஈப்போ ஆஸ்பத்திரியில் கீறி எடுத்திருக்கிறார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. லயத்தில் தீர்ப்பும் அதற்குள் வந்துவிட்டது. பெரிய மிஸி தொட்டதால்தான் உயிர் தப்பியது, சின்ன மிஸி கை ஆகாத கை. அந்தத் தாதி மறுநாள் லயத்துப் பக்கம் போனபோது கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள்.

டாக்டர் அவளிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். அவள் எழுதி எடுத்துக்கொண்டு முதலில் என்னிடம் வந்தாள். ஊசியை அவித்தது தான், நேரத்தைக் கவனிக்கவில்லை, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தாள்.

"இது என்ன?" என்றேன்.

"நீங்க போங்க அக்கா. பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு. எனக்கு ஒரு வார்னிங் குடுப்பாங்க, அவ்வளவுதானே லா." அதுவரை அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கடிதத்தை அங்கேயே கிழிக்கவில்லை. வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அது என்னோடு இருந்தது. வெளியே எடுப்பேன், படிப்பேன், உள்ளே வைப்பேன். மாதக் கடைசிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அலமாரியில் இருந்த சேலைகளில் பாதியைப் பெட்டியில் அடுக்கிக்கூட ஆயிற்று. அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

மூன்றாம் நாள் டாக்டர் அறைக்குள் போனேன், அவள் கடிதத்தோடு அல்ல, என்னுடையதோடு. அவர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது மாற்றல் பாரத்தில் கையெழுத்துப் போட முடியாது என்றார். தெரியும் என்றேன். சில வாரங்களில் ஜொகூர் சிஸ்டர் வேறு யாரோடோ இடம் மாற்றிக்கொண்டார். கட்டிலை என்ன செய்வது என்று மகள் கேட்டு எழுதினாள்.

அந்த வாரமே தோட்டத்துக்குப் போனேன். ஆயாக் கொட்டகையில் பெண்களைக் கூட்டி வைத்து, ஊசியை அவித்தவள் நான், பாதியில் இறக்கியவள் நான், சின்ன மிஸி வேண்டாம் என்று சொல்லியும் கேட்காதவள் நான் என்று சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை.

"பெரிய மிஸிக்கு நல்ல மனசு. அந்தப் பொண்ணக் காப்பாத்தப் பாக்குறாங்க" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் தலையாட்டினார்கள். என் ராசி இன்னும் கொஞ்சம் கூடிப்போனது.

குழந்தையின் தாய் மட்டும் தலையாட்டவில்லை. இருபத்தைந்து வயது இருக்கும். மடியில் குழந்தை, தொடையில் கட்டு. எல்லாரும் கலைந்த பிறகு கேட்டாள்.

"ஏன் மிஸி பாதியில எறக்கினீங்க?"

"எனக்கு ஒரு போன் வரவேண்டியிருந்துச்சு."

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"யாரு பேசுனது?"

"என் பொண்ணு."

அவள் தன் மகளின் கட்டைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அடுத்த மாத முகாமில் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் அவள், என் தாதி, தலை குனிந்தபடி. அன்று தட்டை அவித்தவள் அவள்தான். இருபது நிமிடத்தை நான் என் கடிகாரத்திலும் அவள் தன் கடிகாரத்திலும் பார்த்தோம். வரிசையில் முதல் ஆளாக அந்தத் தாய் நின்றாள். குழந்தையின் தொடையில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. பழக்கத்தில் நான் கையை நீட்டினேன்.

"வேணாம் மிஸி" என்றாள். என் மணிக்கட்டைப் பிடித்து, முரட்டுத்தனமாக அல்ல, ஓரமாக நகர்த்தினாள். குழந்தையைக் கொண்டுபோய் அடுத்த நாற்காலியில் இருந்த தாதியின் மடியில் வைத்தாள். "நீங்க போடுங்க."

தாதி குழந்தையின் தொடையைத் துடைத்தாள். அவள் போட்டாள். குழந்தை வீறிட்டது, ஓய்ந்தது. அடுத்து நின்றவள் என்னைப் பார்த்தாள், அந்தத் தாயைப் பார்த்தாள், பிறகு என் கண்ணைப் பார்க்காமல் என்னைத் தாண்டிப் போனாள். அதற்கு அடுத்தவளும்.

மூன்று வருடம் எதற்காகத் தவித்தேனோ அது என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது, மாற்றல் கைவிட்டுப் போன பிறகு. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாராவது ஒருத்தி, ஒரே ஒருத்தி, பிள்ளையை என் பக்கம் கொண்டுவரமாட்டாளா என்று வரிசை முடியும்வரை நீட்டிய கையை மடக்காமல் உட்கார்ந்திருந்தேன்.