இரண்டு குழாய்க் கணக்கு

ஏழாம் வகுப்புக் கணக்கில் நான் ஃபெயில். மறுதேர்விலும் போனால் பள்ளியை விட்டுவிட்டு அம்மாவுடன் மோதி பாக் பக்கம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போக வேண்டும். ஒரு மேடத்திடம் அம்மா பேசியும் வைத்திருந்தாள்.

என்னைக் கவிழ்த்தது குழாய்க் கணக்கு. ஒரு குழாய் தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று ஆறு மணி நேரத்தில். இரண்டையும் திறந்தால்?

“ஒம்பது சார்.”

“உங்க வீட்டுக் குழாய் ரெண்டும் சண்ட போட்டுக்குமா?” என்றார் சார்.

வகுப்பே சிரித்தது. எங்கள் வீட்டில் குழாயே கிடையாது. தண்ணீர் லாரிதான்.

மறுதேர்வன்று காலையும் லாரி வந்தது. எங்கள் ஜுக்கிக் குடிசைகளில் ஒருவர் தண்ணீர் பிடித்தால் வரிசையே உரக்க இந்தியில் எண்ணும். லாரியின் பெரிய குழாய் என்றால் மூன்று முறை அறுபது வரை, சின்னது என்றால் ஆறு முறை. டிரம் நிறைந்துவிடும், அதற்குமேல் ஒரு சொட்டு விடமாட்டார்கள். எனக்கோ நேரமாகிவிட்டது. இரண்டு குழாயையும் எங்கள் டிரம்மிலேயே செருகினேன்.

“அடியே, ரெண்டையுமா! எத்தனை எண்ணுறது இப்ப?” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

“எண்ணுங்கக்கா, ஜல்தி!”

டிரம்மில் இரண்டு வளையங்கள், அதாவது மூன்று பங்கு. முதல் அறுபதில் தண்ணீர் ஒன்றரைப் பங்கு ஏறியிருந்தது. பெரியது ஒரு பங்கு, சின்னது அரைப் பங்கு! இரண்டாம் அறுபதில் விளிம்பைத் தொட்டது.

“ரெண்டு! ரெண்டுதான்!” என்று குதித்தேன்.

“கத்தாம பைப்ப எடுடி, வழியுது!” என்றாள் அம்மா.

நனைந்த பாவாடையோடு பள்ளிக்கு ஓடினேன். வினாத்தாளில் குழாய்க் கணக்கு இருந்தது, வேறு எண்களில்: நான்கு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம். ஒரு டிரம் வரைந்து பன்னிரண்டு பங்காகக் கோடு போட்டேன். ஒரு குழாய் மணிக்கு மூன்று பங்கு, மற்றது ஒரு பங்கு. சேர்ந்து நான்கு. அப்படியென்றால் மூன்று மணி நேரம். சார் என் பின்னால் வந்து நின்றார்.

“என்ன படம் இது?”

“எங்க டிரம் சார்.”

அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார். மற்ற கணக்குகளிலும் கோடு போட்டே தப்பித்தேன்.

எட்டாவதில் எக்ஸ், ஒய் என்று குறியீடுகள் வந்தன, டிரம் உதவவில்லை, படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அது பிறகு. மறுதேர்வு முடிவு வந்த அன்று, அந்த மேடத்திடம் போய், பெண் வரமாட்டாள், படிக்கிறாள் என்று அம்மாவே சொல்லிவிட்டு வந்தாள். அவள் போகும்போது தெருமுனை வரைக்கும் நானும் கூடவே ஓடினேன்.