பெரியப்பா சாப்பிட்டுவிட்டுப் போன நாள்

சித்தப்பா பேராதனையிலிருந்து விடுமுறைக்கு வந்தால் எங்கள் வளவில் ஒருவருக்கும் நிம்மதி இராது. பல்கலைக்கழகத்தில் அவர் மெய்யியல் படித்துக்கொண்டிருந்தார். சல்லி என்கிற எங்கள் ஊர்க் கடற்கரையில் வலை இழுக்கிற குடும்பத்திலிருந்து ஒருவர் அப்படியொன்றைப் படிக்கப் போனது ஊருக்கே வேடிக்கை. "அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கலாம்?" என்று கேட்டால், "வேலை எண்டால் என்ன?" என்று அவர் திருப்பிக் கேட்பார். கேட்டவர் அதோடு எழும்பிப் போய்விடுவார்.

எழும்பிப் போக முடியாமல் அகப்பட்டது சின்னப்பிள்ளைகளான நாங்கள்தான். ஒரு பின்னேரம் எங்களை இருத்திவைத்துக் கேட்டார். "காய்ச்சல்கார பிள்ளை ஒண்டு கசப்பு மருந்து குடிக்க மாட்டன் எண்டுது. கோப்பியில கலந்து, வெறும் கோப்பி எண்டு சொல்லிக் குடுக்கலாமோ?" குடுக்கலாம் என்று எல்லோரும் கத்தினோம். அவர் இல்லையென்று தலையாட்டினார். ஒருவரை அவருடைய நன்மைக்காக ஏமாற்றினாலும் ஏமாற்றியதுதான். அந்த நேரத்தில் அவரை ஆளாக மதிக்காமல் சாமானாக ஆக்கிவிடுகிறோம் என்றார். குசினிக்குள்ளிருந்து அம்மா, "அப்ப இனிப் பேதி மருந்தைத் தம்பியே பருக்கட்டும்" என்றார். எனக்கோ சித்தப்பா சொன்னது மிகவும் பிடித்திருந்தது. போன கிழமைதான் நான் கோப்பியில் ஆமணக்கெண்ணெய் குடித்திருந்தேன்.

அந்த வருடம் வாடைக்காற்று முந்திவிட்டது. பெரியப்பா தனியாகக் கடலுக்குப் போனார். அவருடைய வள்ளம் குச்சவெளிப் பக்கம் கவிழ்ந்து கிடந்தது. ஆள் கரை சேரவில்லை, உடம்பும் சேரவில்லை. மூதூர்த் துறையில் அவரைப் போல ஒருவரைக் கண்டதாக யாரோ சொல்லிவிட்டார்கள். பெரியம்மாவுக்கு அது போதும். பொட்டை அழிக்க மாட்டேன் என்றார். அவர் வந்த பிறகு சேர்ந்து சாப்பிடுவேன் என்று சொல்லி, வெறும் தேத்தண்ணியில் இருந்தார். மடியில் கைக்குழந்தை. தாய்க்குப் பால் வற்றிவிட்டது, கரைத்துக் கொடுத்த மாப்பாலைக் குழந்தை துப்பியது. அதன் அழுகை நாளுக்கு நாள் மெலிந்து பூனைக்குட்டிச் சத்தம் போலாகிவிட்டது. "இரண்டும் போகப்போகுது" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

பெரியவர்கள் கூடிப் படையல் வைப்பதென்று முடிவு செய்தார்கள். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து அவர் படுத்த அறையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் முற்றத்துக்குப் போய்விட வேண்டும். அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட்டுப் போன பிறகுதான் திறப்பார்கள். சாப்பாடு வைத்தபடியே இருப்பதுதான் வழக்கம். ஆனால் பெரியம்மா ஒரு நிபந்தனை வைத்தார். "அவர் வந்து தொட்டிருந்தால் நான் நம்புறன். தொடாமல் கிடந்தால் அவர் உயிரோட இருக்கிறார். பிறகு ஒருத்தரும் என்னோட கதைக்க வரப்படாது."

அன்று காலை கிணற்றடியில் அம்மா சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார். நான் வாளியோடு பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, பின் கதவால போய் ஒரு வாய் சாப்பிட்டிட்டு வந்திடுங்கோ. அந்தப் பிள்ளையைப் பாருங்கோ."

"ஏலாது, அண்ணி. அவவின்ர புருசன் செத்ததை நான் ஒரு வாய்ச் சோத்தால முடிவு கட்டுறதோ?"

"அப்ப அவவும் பிள்ளையும் சாகட்டோ?"

சித்தப்பா என் கையிலிருந்த வாளியை வாங்கித் தண்ணீர் அள்ளத் தொடங்கினார். எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன இருந்தாலும் மனுசன் சொன்ன சொல்லில் நிற்கிறார் என்று நினைத்தேன்.

ஆனாலும் ஆசை விடவில்லை. பெரியப்பா வருகிறாரா என்று பார்த்துவிட வேண்டும். எல்லோரும் குசினியில் நின்ற நேரம் அந்த அறைக்குள் போய்க் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டேன். பெரியம்மா தன் கையாலேயே மேசையில் இலை போட்டு எல்லாவற்றையும் வைத்தார். பிட்டு, கருவாட்டுப் பொரியல், சட்டியோடு பாரைமீன் தலைக் குழம்பு. பிறகு சன்னலைச் சாத்தி, கடைசியாக அவரே வெளியே போய்க் கதவையும் சாத்தினார்.

மத்தியான நேரந்தான். வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது. கட்டிலுக்குக் கீழிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் மேசைக் கால்களும் சீமெந்து நிலமும். குழம்பு மணத்தது. கொஞ்ச நேரத்தில் அந்த மணத்துக்குள் ஈர வலையின் மணமும் வந்தது. கடற்கரை வீட்டில் அதில் என்ன புதினம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அறையின் பின் கதவு மெல்லத் திறந்தது. இரண்டு கால்கள் வந்தன. பெருவிரலில் மட்டிச் சிப்பி வெட்டின தழும்பைக் கண்டதும் என் பயம் போய்விட்டது. சித்தப்பா! மேசைக்கு முன்னால் அந்தக் கால்கள் நெடுநேரம் நின்றன. பிறகு வந்த வழியே போய்விட்டன. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டார் என்றே நினைத்தேன். இவரும் கோப்பியில் எண்ணெய் கலக்கிற ஆள்தான்.

கதவு சாத்திய பிறகு மேசை ஒருமுறை கிறீச்சிட்டது. மேசைக்குப் பக்கத்தில் கால் எதுவும் இல்லை. பழைய பலகை, மழை ஈரம், அதுதான் சத்தம் என்று நினைத்தபடி கண்ணை இறுக மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் மூடியிருந்தேனோ தெரியாது.

திறந்துகொண்டு எல்லோரும் நெருக்கியடித்து உள்ளே வந்தபோது, ஒருவரும் காணாமல் கூட்டத்தோடு கலந்துவிட்டேன். பெரியம்மா மேசையைப் பார்த்தபடி நின்றார். பெரியப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மீன் தலையின் ஒரு பக்கக் கன்னச் சதையைத் தான் கிள்ளிச் சாப்பிடுவார். மற்றதை முள்ளில்லாமல் எடுத்து இலை ஓரத்தில், பக்கத்திலிருக்கிற பிள்ளைக்கு வைப்பார். அநேகமாக அந்தப் பிள்ளை நான். இப்போது சட்டியிலிருந்த தலை இலைக்கு வந்திருந்தது. ஒரு கன்னம் இல்லை. மற்றக் கன்னம் இலை ஓரத்தில் இருந்தது.

பெரியம்மா என்னைத் தேடிப் பிடித்து அந்தத் துண்டை என் வாயில் வைத்தார். "உனக்குத்தான் வைச்சிட்டுப் போயிருக்கிறார்." பிறகு நிலத்தில் விழுந்து கத்தினார். அப்படியொரு அழுகையை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. அன்று பின்னேரம் தன் கையாலேயே பொட்டை அழித்தார். அம்மா ஊட்டிவிட்ட சோற்றைத் தின்றார். சில நாளில் குழந்தைக்குப் பால் வந்தது.

சித்தப்பா அதற்குப் பிறகு எங்களை இருத்திவைத்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்க முகமில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அண்ணனின் பழக்கத்தை அச்சொட்டாக நினைவில் வைத்துச் செய்த கெட்டித்தனத்தை மட்டும் எனக்குள் மெச்சினேன்.

நான் கல்யாணம் கட்டிப் பிள்ளைகளும் பெற்ற பிறகு பெரியம்மா செத்துப்போனார். அவருக்குப் படையல் வைத்து அறைக் கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் நின்றோம். சித்தப்பா நரைத்துப் போயிருந்தார். அந்தப் பழைய கைக்குழந்தை, இப்போது வாட்டசாட்டமான இளந்தாரி, வந்தவர்களுக்குக் கதிரை போட்டுக்கொண்டிருந்தான். சித்தப்பா அவனையே பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"உனக்கு நான் ஒரு நன்றி சொல்லேல்லை. அண்டைக்கு நான் சாப்பிடத்தான் உள்ளுக்கு வந்தனான். மேசைக்கு முன்னால நிண்டும் கை நீளேல்லை. கட்டிலுக்குக் கீழ உன்ர சட்டைக் கரை தெரிஞ்சது. ஒண்டையும் தொடாமல் திரும்பிட்டன். எனக்கு ஏலாமல் போனதை நீ சின்னப்பிள்ளை செய்துபோட்டாய். அதை நினைச்சுத்தான் இவ்வளவு காலமும் நித்திரை கொள்ளுறன்."

நான் அந்த மேசைக்குக் கிட்டவே போகவில்லை.

"நீதானே, பிள்ளை?" என்றார். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

கட்டிலுக்குக் கீழே கிடந்தபோது, பொய் சொல்லுவதும் சொல்லாமல் விடுவதும் துணிவைப் பொறுத்த விஷயம் என்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. முன்னால் நிற்கிற ஒருவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை முடிவு செய்யவேண்டி வரும் என்று தெரிந்திருக்கவில்லை.

"ஓம் சித்தப்பா, நான்தான்" என்றேன். சாத்தியிருந்த அந்தக் கதவின் பக்கம் நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.